பிள்ளையின் கட்டைக்குப் பாட்டு வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 'கன்ட்ரி' என்ற அமெரிக்க நாட்டுப்புற இசையின் பாடகி பிரெண்டா லீ பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தோம். 1956இல் 11 வயதில் டெக்கா இசைத்தட்டு நிறுவனத்தோடு ஒப்பந்தம், 13 வயதில் பதிவு செய்த கிறிஸ்துமஸ் பாட்டு 65 ஆண்டு கழித்து 2023 டிசம்பரில் அமெரிக்காவின் பில்போர்டு பாடல் பட்டியலில் முதலிடம், நாலடி ஒன்பது அங்குல உயரத்தில் அப்படியொரு குரல் என்று எல்லாம் சரியாகவே இருந்தது. ஆனால் கட்டுரை கைதட்டலோடு முடிந்துவிட்டது. அந்த வயதில் கிளம்பிய தொண்டை எப்படிக் கெடாமல் நின்றது என்ற இடத்துக்கு வரவே இல்லை. ஆடி நெருங்குகிறது. வேலூர், காட்பாடி, குடியாத்தம், ஆற்காடு, ஆரணி என்று எங்கே கூழ் வார்த்தாலும் தீ மிதித்தாலும் ராத்திரி ஒரு கச்சேரி இருக்கும். அதில் எட்டு, பத்து வயதில் ஒரு 'குட்டிக் குயிலும்' இருக்கும். அந்தப் பிள்ளைகளை மேடையேற்றும் பெற்றோருக்கும் விழாக் குழுவினருக்கும் மைக்செட்காரர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறோம்.

முதல் கோளாறு சுருதியில் இருக்கிறது. பாட்டின் ஆதார ஸ்வரம் எவ்வளவு உயரம் என்பதுதான் சுருதி, ஆர்மோனியத்தின் கட்டை எண்ணை வைத்து அதைச் சொல்வோம். ஆண் பாடகர்கள் பெரும்பாலும் ஒன்றிலிருந்து இரண்டு கட்டைக்குள் பாடுவார்கள். பெண்கள் ஐந்து, ஐந்தரை. பத்து வயதுப் பிள்ளைக்கு இரண்டுமே பொருந்தாது. ஆண் பாடிய சினிமாப் பாட்டின் டிராக்கை, அதாவது குரல் இல்லாத பின்னணி இசையைப் போட்டால், அதன் கீழ் ஸ்வரங்கள் பிள்ளைக்கு எட்டவே எட்டாது. அதனால் ஒரு ஸ்தாயி, அதாவது ஸ-விலிருந்து மேல் ஸ வரை உள்ள தூரம், தூக்கிப் பாடும். பல்லவி நன்றாகத்தான் இருக்கும், சரணத்தில் மேல் பஞ்சமம் வரும்போது கத்தல் ஆகிவிடும். பெண் பாடிய பாட்டென்றால் அடி இடறும். கீழே இறங்கும் வரியில் வெறும் காற்றுதான் வரும். ஜனங்கள் கத்தலுக்குத்தான் கைதட்டுகிறார்கள், பிள்ளையும் அதுதான் பாட்டு என்று நம்பிவிடுகிறது.

சரியான கட்டையைக் கண்டுபிடிக்கக் கால்மணி நேரம் போதும். காலையில் எழுந்தவுடன் பார்க்கக் கூடாது, அப்போது குரல் கனத்திருக்கும். சாயங்காலம் பள்ளி விட்டு வந்து, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்து, அரைமணி ஆனபின் ஆர்மோனியத்தையோ கீபோர்டையோ எடுங்கள். பிள்ளை சாதாரணமாகப் பேசும் குரலுக்குப் பக்கத்தில் ஒரு கட்டையைப் பிடித்து, வாயை மூடி 'ம்' என்று ஒவ்வொரு கட்டையாக இறங்கச் சொல்லுங்கள். எங்கே சத்தம் போய் மூச்சு மட்டும் வருகிறதோ அந்த இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு. மறுபடி நடுவிலிருந்து 'ஊ' என்று ஏறச் சொல்லுங்கள். மோவாய் மேலே தூக்கினாலோ, கழுத்து நரம்பு புடைத்தாலோ, தோள் ஏறினாலோ அங்கே இன்னொரு கோடு. இப்போது மேல் கோட்டிலிருந்து இரண்டு ஸ்வரமும் கீழ் கோட்டிலிருந்து ஒன்றும் கழித்துவிடுங்கள். மிச்சம் இருப்பதுதான் அந்தப் பிள்ளையின் மைதானம். பெரும்பாலும் ஒரு ஸ்தாயியும் அதற்கு மேல் ஓரிரு ஸ்வரமும்தான் தேறும். பாட்டின் மிக உயர்ந்த ஸ்வரமும் மிகத் தாழ்ந்த ஸ்வரமும் இதற்குள் வரும்படி கட்டையை மாற்றுங்கள். எந்தக் கட்டையில் வைத்தாலும் வரவில்லையா, அந்தப் பாட்டு இந்தப் பிள்ளைக்கு இல்லை.

கன்ட்ரி பாடகர்களுக்கு இது சிரமமே இல்லை. கிட்டாரின் கழுத்தில் கேப்போ என்று ஒரு கிளிப் மாட்டுவார்கள். அதை ஒரு கட்டம் மேலே தள்ளினால் சுருதி அரைக் கட்டை ஏறும். (மூன்றுக்கும் நாலுக்கும் நடுவே அரை கிடையாது, ஏழு முடிந்ததும் நேரே மேல் ஒன்று. நம் கட்டைக் கணக்கின் குசும்பு அது.) கை வாசிக்கிற வாசிப்பு மாறாது, சுருதி மட்டும் பாடகரோடு போகும். நம்மிடம் கீபோர்டில் சுருதியை மாற்றும் டிரான்ஸ்போஸ் பட்டன் இருக்கிறது, அதைத் தொட ஆளில்லை. டிராக்கில் பாடுவதானால் செல்போனிலேயே சுருதியை மாற்றும் ஆப்கள் கிடைக்கின்றன. ஒரு கட்டை வரை ஏற்றி இறக்கினால் காதுக்குத் தெரியாது. ஒன்றரைக்கு மேல் போனால் தபலா டப்பா தட்டுவது போலவும் வயலின் சளி பிடித்தது போலவும் கேட்கும். அதற்கு மேல் மாற்ற வேண்டிய பாட்டை, ஆளை வைத்து வாசிக்கச் சொல்லுங்கள்.

கத்தினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கணக்கு. ஐந்து கட்டையின் மேல் ஸ-வை, அதாவது ஷட்ஜத்தைப் பிடித்தால், தொண்டைக்குள் இருக்கும் குரல்நாண்கள் நொடிக்கு 392 முறை ஒன்றோடொன்று மோதும். மூன்று நிமிடப் பாட்டில் அந்த உயரத்தில் நிற்பது ஒன்றரை நிமிடம் என்று வைத்தாலும் 35,000 மோதல். மெதுவாக மோதினால் ஒன்றுமில்லை. இறுக்கிப் பிடித்துக் கத்தினால் நாணின் முன்பகுதிக்கும் நடுப்பகுதிக்கும் இடையே, அடி அதிகம் விழும் இடத்தில், முதலில் வீக்கம் வரும், பிறகு காய் காய்த்துவிடும். மண்வெட்டி பிடித்தவன் உள்ளங்கையில் காய்ப்பது போலத்தான். காய் வந்த நாண்கள் முழுதாகச் சேராது, இடுக்கில் காற்று ஒழுகும், குரல் கரகரக்கும். கரகரப்பை மறைக்கப் பிள்ளை இன்னும் இறுக்கும், காய் இன்னும் பெரிதாகும். சளி இல்லாமல் கரகரப்பு மூன்று வாரம் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். வேலூர்க்காரர்களுக்கு வைத்தியம் தேடி ஊர் ஊராகப் போக வேண்டிய தலையெழுத்து இல்லை, ஊரெல்லாம் இங்கேதான் வருகிறது. பிள்ளைகளுக்கு முதலில் கத்தி வைக்க மாட்டார்கள், குரல் பயிற்சிதான் கொடுப்பார்கள். பயந்துகொண்டு தள்ளிப்போட வேண்டாம்.

கற்கண்டு, மிளகு, தேன் பற்றி ஒரு வார்த்தை. இவை எதுவும் குரல்நாணில் படுவதில்லை. விழுங்கும்போது மூச்சுக்குழல் மூடிக்கொள்ளும், தேன் பின்னால் உணவுக்குழாயில் போய்விடும். தொண்டைக்கு இதமாக இருக்கும், அவ்வளவுதான். நாணுக்கு ஈரம் வேண்டுமானால் மேடை ஏறுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் குடிக்க வேண்டும். கச்சேரி முடிந்து ராத்திரி பதினொரு மணிக்கு விழாக் குழு கொடுக்கும் பிரியாணியைத் தின்றுவிட்டு வேனிலேயே படுத்துத் தூங்குவதுதான் எல்லாவற்றிலும் கெடுதல். வயிற்றின் புளிப்பு மேலேறித் தொண்டையைச் சுடும், மறுநாள் காலை குரல் கட்டியிருக்கும். அதற்குப் பனி மேலும் ஐஸ்கிரீம் மேலும் பழி போடுவார்கள். பிரியாணியைக் கட்டிக் கொடுங்கள், மறுநாள் மத்தியானம் சாப்பிடட்டும். ஆம்பூர்க்காரர்கள் மன்னிக்க வேண்டும்.

அடுத்தது மைக். தன் குரல் தனக்குக் கேட்காத ஆள் தானாகவே கத்துவான். திருவிழாக் கடைத்தெருவில் யாரும் மெதுவாகப் பேசுவதில்லை அல்லவா, அதேதான். நம் மேடைகளில் பெரிய பாக்ஸ்கள் எல்லாம் ஜனங்களைப் பார்த்தபடி முன்னால் நிற்கும். பாடுகிற பிள்ளைக்குக் கேட்பது பின்னாலிருக்கும் டிரம்ஸும் பக்கத்துத் தெருப் பம்பையும்தான். ஒரே ஒரு மானிட்டர் பாக்ஸைப் பிள்ளையின் காலடியில், அதன் முகம் பார்த்துச் சாய்த்து வையுங்கள். ஷூர் எஸ்எம் 58 போன்ற மைக்குகள் முன்னால் வருவதை வாங்கும், நேர் பின்னால் வருவதை அதிகம் வாங்காது. மானிட்டர் மைக்கின் வாலுக்கு நேரே இருந்தால் ஊளையிடாது. மானிட்டரில் பிள்ளையின் குரலும் கொஞ்சம் கீபோர்டும் போதும். எக்கோவை அதில் கலக்கவே வேண்டாம். திரும்பி வரும் எக்கோவுக்குக் காத்திருந்து பிள்ளை தாளத்தில் பின்தங்கும், தபலாக்காரர் முறைப்பார், பிள்ளை பயந்து இன்னும் கத்தும்.

அந்த மைக் 300 கிராம் எடை. ஏழு வயதுக் கைக்கு அது பாரம். இரண்டாவது சரணத்தில் கை இறங்கும், மைக் மார்புக்குப் போகும், மிக்சரில் உட்கார்ந்தவர் சத்தத்தை ஏற்றுவார், ஊளை கிளம்பும். பயத்தில் பிள்ளை மைக்கின் தலையை இரண்டு கையாலும் பொத்தும். பொத்தினால் மைக் எல்லாப் பக்கத்துச் சத்தத்தையும் வாங்கும், ஊளை இன்னும் கூடும். ஸ்டாண்டில் மாட்டி, வாய்க்கு மூன்று விரல் தூரத்தில், உதட்டுக்குச் சற்றுக் கீழே வைத்தால் இவ்வளவும் தவிரும். வளர்ந்தவர்களுக்கு வைத்த ஸ்டாண்டை இறக்காமல் விட்டால் பிள்ளை மோவாயைத் தூக்கித்தான் பாட வேண்டும், கழுத்து இழுக்கும். மிக்சரில் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடலாம். பிள்ளைக் குரலில் அங்கே ஒன்றும் கிடையாது, காற்றும் மேடைப் பலகை அதிர்வும்தான். குரல் காதைக் குத்தினால் மூவாயிரம் ஹெர்ட்ஸ் பக்கம் மூன்று டெசிபல் குறையுங்கள். ட்ரெபிள் திருகு முழுவதையும் இறக்கினால் சொல் விளங்காது.

மூச்சு வாங்க இடம் கொடுப்பது நம் கூத்தில் என்றைக்கோ கண்டுபிடித்த வித்தை. வேடக்காரர் ஒரு வரி பாடியதும் பின்பாட்டுக்காரர்கள் அதை வாங்கித் திருப்பிப் பாடுவார்கள். முகவீணை என்ற சின்ன ஊதுகுழல் ஒரு சுற்று இழுக்கும். அதற்குள் அவர் ஆடுவார், மூச்சைப் பிடிப்பார், அடுத்த அடியை நினைத்துக்கொள்வார். பாரதக் கூத்து விடிய விடிய நடந்தும் தொண்டை தாங்குவதற்கு இந்தப் பங்கீடும் ஒரு காரணம். கன்ட்ரி இசைப் பதிவுகள் நடக்கும் அமெரிக்க நகரமான நாஷ்வில்லில் பதிவான பிரெண்டா லீயின் பாட்டுகளைக் கேளுங்கள். தயாரிப்பாளர் ஓவன் பிராட்லி. பின்னால் அனிதா கெர் குழுவின் குரல்கள் தாங்கிப் பிடிக்க, அந்தப் பெண் தன் வரியை மட்டும் பாடிவிட்டு நிற்கும். நம் கச்சேரிகளில் பிள்ளையைத் தனியாக நிறுத்திவிட்டு, சும்மா நிற்கும் கோரஸ்காரர்கள் செல்போன் பார்க்கிறார்கள். பல்லவி திரும்ப வரும் ஒவ்வொரு முறையும் கோரஸ் வாங்கிக்கொண்டால் பிள்ளையின் பாரம் மூன்றில் ஒரு பங்காவது குறையும். ஒரு ராத்திரிக்கு மூன்று பாட்டு, பாட்டுக்குப் பாட்டு இருபது நிமிட இடைவெளி. 'ஒன்ஸ் மோர்' கேட்டால் அந்தப் பாட்டின் பல்லவியை மட்டும் கோரஸோடு திருப்பலாம்.

நேரம் பற்றிச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். ஒலிபெருக்கிக்கு இரவு 10 மணி என்பது சட்டம், விசேஷ அனுமதி வாங்கினால் 12 வரை. கூட்டம் கலையாமல் இருக்கக் 'குட்டிக் குயில் அடுத்து வருகிறது' என்று ஏழு மணியிலிருந்து அறிவித்துவிட்டு, ஒன்பதே முக்காலுக்கு மேடையேற்றுகிறார்கள். அதுவரை பிள்ளை ஜெனரேட்டர் புகையிலும் வாணவெடிப் புகையிலும் மேடைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும், தூங்கி விழும். எழுப்பி முகத்தைக் கழுவி நிறுத்துவார்கள். தூங்கி எழுந்த குரலைச் சூடேற்றக் குறைந்தது ஏழு நிமிடம் வேண்டும். முதலில் உதட்டை 'ப்ர்ர்' என்று அதிர விட்டுக் கீழிருந்து மேலே போய் வருவது, அடுத்து 'ம்', அடுத்து ஸரளி வரிசை என்ற ஆரம்ப ஸ்வரப் பாடம் இரண்டு மெதுவாக. இதை எந்த மேடைப் பின்புறத்திலும் பார்க்க முடிவதில்லை. ஏழரைக்கு ஏற்றி எட்டரைக்கு வீட்டுக்கு அனுப்புங்கள்.

வயதைக் குறைத்து பேனர் போடுவது நம் ஊர்க் கண்டுபிடிப்பு அல்ல. 11 வயது பிரெண்டா லீயின் முதல் இசைத்தட்டிலேயே '9 வயது' என்றுதான் அச்சடித்தார்கள். 1959இல் பாரிஸுக்குப் போனபோது கதை தலைகீழானது. இது குழந்தையே அல்ல, 32 வயதுக் குள்ளப் பெண் என்று ஒரு புரளியை அவருடைய மேலாளரே கிளப்பிவிட்டார். ஒன்பது வயதுப் பிள்ளையை ஆறு வயது என்று அச்சிட்டால், குரல் மாறும் பருவம் வரும்போது 'பத்து வயதிலேயே குரல் போய்விட்டது' என்ற பெயர் அந்தப் பிள்ளைக்குத்தான் வரும்.

பாட்டின் சொல்லும் வயதுக்குப் பொருந்த வேண்டும். காதல் முறிவுக்கு மன்னிப்புக் கேட்கும் பாட்டொன்றைப் பிரெண்டா லீ 15 வயதில் பதிவு செய்தபோது, இந்த வயதுக்கு இது சரியா என்று நிறுவனமே சில மாதம் வெளியிடாமல் வைத்திருந்தது. இன்னொரு கன்ட்ரி பாடகி டான்யா டக்கர் 13 வயதில் நாஷ்வில்லுக்கு வந்தபோது தயாரிப்பாளர் பில்லி ஷெரில் முதலில் காட்டிய பாட்டை வேண்டாம் என்றார். கனமான தன் குரலுக்கு ஏற்ற வேறொன்றை எடுத்தார், 1972இல் அதுதான் வென்றது. வேண்டாம் என்று சொல்ல அந்தப் பெண்ணை விட்டார்கள் என்பதை நம் பெற்றோர் கவனிக்க வேண்டும். இங்கே குத்துப்பாட்டின் இரட்டை அர்த்தத்தை எட்டு வயதுப் பிள்ளை பாடக் கேட்டுப் பெரியவர்கள் விசிலடிக்கிறார்கள்.

இனி மகரக்கட்டு. பையன்களுக்குப் பெரும்பாலும் 12இலிருந்து 14 வயதுக்குள் குரல் உடையும், முடியும்போது ஏறக்குறைய ஒரு ஸ்தாயி இறங்கியிருக்கும். பெண் பிள்ளைகளுக்கும் ஒன்று, ஒன்றரைக் கட்டை இறங்கும், குரலில் கொஞ்ச காலம் காற்று கலக்கும். சிறுவர்களே நடித்த பாய்ஸ் கம்பெனி நாடகக் காலத்தில் மகரக்கட்டு வந்த பையனின் ராஜபார்ட், அதாவது கதாநாயக வேடம், போய்விடும். இன்றைக்கு நடப்பதும் அதுதான், மேடை அழைப்பு சட்டென்று நின்றுவிடும். அல்லது பழைய கட்டையிலேயே பாடச் சொல்லி அழுத்துவார்கள், அது இன்னும் மோசம். இந்தக் காலத்தில் பாட்டை முழுக்க நிறுத்தத் தேவையில்லை. நடுவில் ஐந்தாறு ஸ்வரத்துக்குள், தினம் பதினைந்து நிமிடம், மெதுவாகப் பாடலாம். மாதத்துக்கு ஒரு முறை சாக்பீஸ் கோட்டைத் திருப்பிப் போடுங்கள், அது இடம் மாறிக்கொண்டே இருக்கும். மிச்ச நேரத்தில் ஆர்மோனியம், தாளம், பாட்டுக் கட்டுவது என்று கற்றுக்கொள்ளட்டும். காஞ்சிபுரம் அருகே புஞ்சரசந்தாங்கலில் 2002 முதல் 2020 வரை நடந்த கட்டைக்கூத்து குருகுலத்தில் பிள்ளைகள் பள்ளிப் படிப்போடு பாட்டு, ஆட்டம், வாத்தியம் என எல்லாவற்றையும் சேர்த்துத்தான் படித்தார்கள். பாட முடியாத வருடத்தில் அவர்களுக்குக் கையில் வேறு வேலை இருக்கும். கன்ட்ரி பாடகி டாலி பார்ட்டன் பத்து வயதில் நாக்ஸ்வில் நகர நிகழ்ச்சியில் பாடினார், 1959இல் 13 வயதில் நாஷ்வில்லின் பெரிய கன்ட்ரி மேடையான கிராண்ட் ஓல் ஆப்ரியில் ஏறினார். ஆனாலும் 1964இல் பள்ளி இறுதி முடித்த மறுநாள்தான் நாஷ்வில்லுக்குப் பெட்டி கட்டினார். தன் பாட்டைத் தானே எழுதியதும், அதன் உரிமையைப் பிறருக்கு விடாததும் அவருக்குப் பின்னாளில் சோறு போட்டன.

பணம். கன்ட்ரி பாடகி லீஆன் ரைம்ஸ் 13 வயதில் புகழ் பெற்று, 1997இல் 14 வயதில் இரண்டு கிராமி இசை விருது வாங்கினார். 2000இல் தன் தந்தை மீதும் முன்னாள் மேலாளர் மீதும் கணக்குக் கேட்டு வழக்குப் போட்டார். அந்த நிலை வராமலிருக்க நம் நாட்டில் விதி இருக்கிறது. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2017 விதிகள்படி, படப்பிடிப்புக்கோ வணிக நிகழ்ச்சிக்கோ பிள்ளையை அழைப்பவர் மாவட்ட ஆட்சியரின் அனுமதி வாங்க வேண்டும். நாளைக்கு 5 மணி நேரத்துக்கு மேல் கூடாது, ஓய்வில்லாமல் 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது. வருமானத்தில் குறைந்தது 20 சதவீதத்தைத் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் பிள்ளையின் பெயரில் வைப்பு நிதியாகப் போட வேண்டும், 18 வயதில் அது பிள்ளைக்கு. கோயில் கச்சேரி வணிக நிகழ்ச்சியா என்று வேண்டுமானால் வாதாடலாம். 3,000 ரூபாய் கொடுத்தால் அதில் 600ஐ வங்கியில் போட்டு ரசீதைப் பெற்றோர் கையில் கொடுக்க வாதம் எதற்கு? பத்து வயது ஆன பிள்ளை அஞ்சலகத்தில் தன் பெயரிலேயே சேமிப்புக் கணக்கு தொடங்கித் தானே கையெழுத்துப் போட்டு நடத்தலாம். சால்வையும் கேடயமும் கொடுக்கும் குழுவினர், சால்வைக்குப் பதில் அந்தக் கணக்குப் புத்தகத்தைத் திறந்து கொடுத்தால் செலவு ஏறக்குறைய ஒன்றுதான்.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள். ஆடி மாத விழாச் செய்திகளில் பாடிய பிள்ளையின் படத்தைப் போடும்போது, பேனரில் உள்ள வயதை எடுத்துப் போடாமல் பெற்றோரிடம் கேட்டுப் போடுங்கள். எத்தனை மணிக்குப் பாடியது என்பதையும் ஒரு வரி சேருங்கள். பத்தரை மணி என்று அச்சில் வந்தால் அடுத்த வருடம் அந்தக் குழு ஏழரைக்கு மாற்றிவிடும்.

இப்படிக்கு,
மேடை இசை, ஒலி அமைப்புத் தொழிலில் உள்ள சிலர்,
காட்பாடி, வேலூர் மாவட்டம்.